தடித்த கோடு

மார்ச் 9

குளிர் விட்டபாடில்லை. வெளியே பிளம் பூவே இன்னும் உதிரவில்லை, நாங்கள் பட்டறைக்குள் ஜூன் மாத மழையில் உட்கார்ந்திருக்கிறோம். மழைக்காலத்து ஊதாப் பூவான ஹைட்ரேஞ்சியா வரையும் கோப்பைகள், ஐந்து. சூளை ஒன்றைத் தின்றுவிடும் என்பதால் எப்போதும் போல ஆறு வரைகிறேன்.

பருவத்துக்கு முன்னால் போகலாம், பின்னால் போகக்கூடாது. டோமோயே-சான் அதில் கறார். மே மாத விருந்துக்கு, ஏப்ரலிலேயே முடிந்துவிடும் செர்ரிப் பூவைக் கேட்டு வந்தவரிடம், "ஆகஸ்ட்ல கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டுத் திரிவீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டு அனுப்பிவிட்டார். பட்டறை அவருடையது, கேட்கலாம்.

என் வேலையை அவர் யாரிடமும் புகழ்ந்ததில்லை. ஆனால் இதழ் நரம்பு என்றால் என் பக்கம்தான் தள்ளுகிறார். முடி அளவுக்கு இருக்கவேண்டும் கோடு. அதற்கு ஒவ்வொரு முறையும் தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கவேண்டும். பத்தொன்பது வயதில் சேர்ந்தபோது பழகியது.

நாள் தள்ளிப்போயிருக்கிறது. எழுதவே பயமாக இருக்கிறது.

மார்ச் 12

உறுதியாகிவிட்டது. கணவர் சோஹெய்யிடம் மட்டும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் குச்சிகளைக் கீழே வைத்தார், பிறகு எடுக்கவேயில்லை.

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு. போன இரண்டு தடவையும் ஊருக்கெல்லாம் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரிடமும் போய் இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. எனக்கு நாற்பத்தொன்று. இன்னொரு தடவை அப்படிச் சொல்ல என்னால் ஆகாது.

மார்ச் 19

டாக்டர் என்னைவிடச் சின்னவள். என்ன வேலை என்றாள். கோப்பையில் பூ வரைகிறேன் என்றேன். "அட, எவ்வளவு அழகான வேலை!" என்று எழுதிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"பழைய பீங்கான் சாயமா? ஈயம் கலந்தது?"

"ஆமா."

"தூரிகையை வாயில வைப்பீங்களா?"

உதட்டைத் துடைத்துக்கொண்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகுமாம்.

மார்ச் 20

தூரிகை தானாக உதட்டுக்கு வருகிறது. பாதி வழியில் பிடித்து நிறுத்துகிறேன். கிண்ண விளிம்பில் உருட்டிப் பார்த்தேன், நாக்கு தரும் கூர் அதில் வரவில்லை. பக்கத்து மேஜை மிட்சுயோ பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி சிகுசா, வாயில புண்ணா? இல்ல சோஹெய் கடிச்சிட்டாரா?"

சிரித்து வைத்தேன்.

மார்ச் 23

தூக்கமில்லை.

அப்படியானால் அந்த இரண்டும்? நானா? என் வாயாலயே — நானே ஊட்டிட்டேனா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, யாராலும் சொல்லமுடியாது என்றாள். இல்லை என்றும் சொல்லவில்லையே!

சோஹெய்யிடம் கேட்டேன். "அதை நினைக்காத" என்றார். நினைக்காமல் இருக்க நான் என்ன கல்லா?

மார்ச் 26

இன்று வெடித்தது.

டோமோயே-சான் கோப்பைகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான்காவதில் நின்றார்.

"இது யாரு போட்ட கோடு?"

"நான்தான்."

"உடோன் நூடுல்ஸ் கணக்கா இருக்கு. வேகவச்சுத் தின்னலாம்."

மிட்சுயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைச் சாமான் எடுக்கக் கீழே அனுப்பிவிட்டு, டோமோயே-சான் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை மாசம்?"

தூரிகையை நான் வாயில் வைக்கவில்லை என்பதைக் கோட்டிலேயே கண்டுபிடித்துவிட்டார், அதன் காரணத்தையும்! மறைக்க என்ன இருக்கிறது? ரத்தம் எடுத்தது வரை எல்லாம் சொன்னேன். ஈயமில்லாத புதுச் சாயத்துக்கு மாறிவிடலாமே என்றும் கேட்டேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அதுல ஊதா வராது. நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கும். அம்பது வருஷமா இதே சாயம், இதே நாக்கு. நான் மூணு பெத்திருக்கேன், மூணும் குத்துக்கல்லாட்டம் இருக்கு. நான் உனக்கு விஷமா குடுத்தேன்? என் முகத்தைப் பாத்துச் சொல்லு!"

"நீங்க குடுக்கல. நீங்களும்தானே குடிச்சீங்க."

சொல்லியிருக்கக்கூடாது. அவர் கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனார். 

மார்ச் 30

நான்கு நாளாக டோமோயே-சான் என்னோடு பேசவில்லை. என் மேஜையில் அதே பழைய ஊதாக் கிண்ணம் வழக்கம்போல நிரப்பி வைத்திருந்தது. இதுதான் பதில் போலிருக்கிறது. சரியான கல்நெஞ்சுக்காரி.

ஏப்ரல் 2

ரத்தத்தில் ஈயத்தின் அளவு அதிகம்.

இனிமேல் பட்டறைக்குள் போகவே கூடாதாம். இத்தனை வருடத்து ஈயம் எலும்பில் உட்கார்ந்திருக்கிறது, குழந்தைக்கு எலும்பு கட்டும்போது அதுவும் சேர்ந்து இறங்கும் என்றாள் டாக்டர். பால் குடி, மீன் சாப்பிடு, மாதாமாதம் பார்க்கலாம். மருந்து? "இப்போதைக்குக் காத்திருக்கிறதுதான்."

பட்டறை வாசலில் நின்றபடியே சொன்னேன். மூன்று கோப்பைக்கு இன்னும் ஊதா வைக்கவில்லை. டோமோயே-சான் தலை நிமிரவில்லை. "தூரிகையைக் கழுவ வேணாம், அப்படியே விட்டுட்டுப் போ" என்றார். இருபத்திரண்டு வருடத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஆற்றங்கரை முழுக்கச் செர்ரிப் பூ. பூப் பார்க்க வந்த ஊரே பாய் விரித்துக் குடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அழுதுகொண்டே நடந்தேன்.

ஏப்ரல் 17

பால். மீன். பால். இருமக்கூடப் பயமாக இருக்கிறது.

மே 8

இதயத் துடிப்பு நன்றாகக் கேட்கிறது. ஈயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன இரண்டும் இந்த வாரத்தைத் தாண்டியதில்லை.

மிட்சுயோ போன் செய்தாள். மிச்சக் கோப்பைகளுக்கு டோமோயே-சானே ஊதா வைத்து அனுப்பிவிட்டாராம். என் பெயரையே எடுப்பதில்லையாம். நான் உட்காரும் மெத்தையை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டாராம்.

"வேற ஆள் பாக்கறாங்களா?"

"யாரு கண்டா. ராத்திரியெல்லாம் தனியா சூளையைப் போட்டு என்னமோ பண்றாங்க. கேட்டா கடிக்க வராங்க."

வேறு வேலை எதுவும் எனக்குத் தெரியாது.

ஜூன் 14

ஐந்தாம் மாதத்து நாய் நாள். நாய் போலச் சுலபமாகப் பெறட்டும் என்று வயிற்றில் துணி கட்டுகிற நாள். நான் கோயிலுக்குப் போகவில்லை. போனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு கிறுக்குப் பயம்.

மத்தியானம் மிட்சுயோ கொட்டும் மழையில் மூட்டையோடு வந்து நின்றாள். "இந்தா, கெழவி குடுத்து விட்டாங்க." உள்ளே கோயிலில் வாங்கிய வெள்ளைத் துணி. அதற்குள் பொதிந்து ஒரே ஒரு கோப்பை.

சசன்குவா. நவம்பரில்தான் பூக்கும் இளஞ்சிவப்புப் பூ. வீட்டு வாசலில் ஹைட்ரேஞ்சியா பூத்துக் கிடக்கும்போது சசன்குவாவா, அதுவும் டோமோயே-சானா? பிறகுதான் உறைத்தது, எனக்குப் பிரசவ நாள் நவம்பரில். உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்.

"புதுச் சாயம்டி. இதுல நீ குடிக்கலாமாம். சூளையில வச்சுவச்சு எத்தனை கெட்டுப்போச்சு தெரியுமா? திட்டெல்லாம் எனக்கு" என்றாள் மிட்சுயோ.

சிவப்பு கொஞ்சம் சோகையாகத்தான் வந்திருக்கிறது. ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். இதழ் நரம்புகள் எல்லாம் தடித்திருந்தன. நாக்குப் படாத கோடு. இந்த வயதில் நிறுத்தியிருக்கிறார்.

போன் போட்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "கோடு உடோன் மாதிரி இருக்கே" என்றேன்.

"குடிக்கிறவளுக்குக் கோடு எதுக்கு? வாயில வைக்காம மெல்லிசா ஒண்ணு நீ போட்டுக் காட்டு, பாப்போம். இப்ப இல்ல, புள்ளை பொறக்கட்டும். உன் மெத்தை அலமாரியில பூச்சி அரிக்காம கெடக்கு."

வைத்துவிட்டார்.

மிட்சுயோ துணியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். உள்ளே லேசாக ஒரு உதை. சசன்குவா கோப்பையில் டீ ஊற்றினேன். அழுது முடிப்பதற்குள் ஆறிவிட்டது, கொட்டிவிட்டுச் சூடாக இன்னொரு தடவை ஊற்றிக் குடித்தேன்.