குதிரை: ஒன்று, வெள்ளை

2025 மார்ச் 11, செவ்வாய்

நாய்க்காரர் பத்து மணிக்குப் போனார்கள். சோபா முழுக்க மயிர். நாய் துடைக்கும் துவாய் ஆறையும் ஊறப்போட்டேன், லாயத்தில் வைக்கோல் மாற்றினேன்.

ஊருக்கு நான் "ஹொட்டேல் வேலை" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளைக்கார முதலாளி ஹூபர் அம்மாவின் பழைய மாட்டுக்கொட்டிலை விடுமுறை வீடாக்கி, நாயோடும் குதிரையோடும் வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள், அதில் எட்டு வருடமாகத் துடைக்கிறேன் என்று எவளிடம் சொல்வது?

மாலையில் புதுப் பதிவுகளைப் பார்த்தேன். ஜூன் 27 முதல் மூன்று நாள். பெயர் சிறீதரன், முகவரி ஓர்லிகோன் நகரம். கீழே கைபேசி எண். அந்த எண்ணை நான் மறப்பேனா? சிறீதரனின் மனுசி சுகந்தினி!

படிவத்தில் இப்படி நிரப்பியிருக்கிறாள். நாய்: இல்லை. குதிரை: ஒன்று. குறிப்பு: வெள்ளை நிறம், சனி பிற்பகல் இரண்டு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

எங்களிடம் குதிரையே இல்லை. அந்த இடத்தில் எழுத வேண்டியது வருகிறவர்கள் கொண்டுவரும் குதிரையின் கணக்கு. இவளோ கடையில் சாமான் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 12

இரவு முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வாயைத் திறக்கப் போவதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கோவிலில் அழைப்பிதழ் கைமாறிக்கொண்டிருந்தது. சுகந்தினியின் மகள் கிருசிகா பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு. தங்க எழுத்தில் "வெண்புரவியில் பவனி" என்று போட்டிருக்கிறாள். எங்கள் கொட்டிலில் பிள்ளையை அலங்கரித்து வெளிக்கிடுத்தி, குதிரையில் ஏற்றி, வயல் பாதையால் கிராம மண்டபத்துக்குக் கொண்டுவருவதாம். முந்நூறு பேர்.

எப்படி இந்தப் பிழை விட்டாள் என்று இப்போது விளங்குகிறது. எங்கள் ஆட்களுக்கு மண்டபம் எடுத்தால் மணவறை, பல்லக்கு, படப்பிடிப்பு, கேக் எல்லாம் ஒரே பொதியாக வரும். இணையப் பக்கத்தில் லாயத்தின் முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை நிற்கிற படம் இருக்கிறது. அது மூன்று வருடத்துக்கு முன் வந்த ஒரு விருந்தாளியின் குதிரை. படத்தைப் பார்த்து, வீட்டோடு குதிரையும் சேர்த்தி என்று நினைத்திருக்கிறாள்.

என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையார் பக்கம் போனாள். போடி, போ.

மே 20, செவ்வாய்

இன்றைக்கு மதுஜாவின் பிறந்தநாள். இருபத்தொன்பது. தொலைபேசியில் ஐந்து நிமிடம் கதைத்தாள். வின்டர்தூரில் குதிரை வைத்தியரிடம் வேலை, எப்போதும் அவசரம். வீட்டுக்கு வருவது மாதத்தில் ஒரு நாள்.

எல்லாம் சரியாக நடந்திருந்தால் இன்றைக்கு என் மடியில் பேரப்பிள்ளை இருந்திருக்கும். நிருசன் நல்ல பொடியன், நல்ல குடும்பம். கலியாணப் பேச்சுக்கால் கொண்டுவந்ததே இந்தச் சுகந்தினிதான். நாள் வைத்து, கூறைச் சேலைக்குச் சொல்லிவிட்ட பிறகு நிருசனின் தாய் தொலைபேசி எடுத்தாள். "உங்கட பிள்ளை குதிரைச் சாணி அள்ளுறவவாமே. கலியாணத்துக்குப் பிறகும் அதைத்தான் செய்வாவாமே. எங்களுக்குச் சரிவராது." பிள்ளை குதிரை வைத்தியரின் லாயத்தில் வேலை செய்வதை நான் அவர்களிடம் மறைத்திருந்தேன். வைத்தியசாலை என்று மட்டும் சொல்லியிருந்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள் சுகந்தினி.

கேட்டேன். அவள் மறுக்கவும் இல்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றாள். அவ்வளவுதான். எதற்கடி மன்னிப்பு? செய்ததற்குத்தானே? அன்றைக்கு முறித்தது. மூன்று வருடமாக யார் வீட்டு விசேஷத்திலும் அவள் இருக்கிற வரிசையில் நான் இருந்ததில்லை. நாலு பேரிடம் சொன்னேன், அவர்கள் நாற்பது பேரிடம் சொன்னார்கள். அவளை நம்பி ஒருவரும் இப்போது பேச்சுக்கால் கொடுப்பதில்லை.

போதாது. என் பிள்ளையின் பெயர் நாறின மாதிரி அவளுடைய பிள்ளையின் பெயரும் நாற வேண்டும்.

எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். வெட்டப் போவதில்லை.

ஜூன் 21, சனி

குதிரையோடு வருகிறவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தொலைபேசி எடுப்பது என் வேலை. தடுப்பூசிக் கடதாசி, தீனி, எத்தனை மணிக்கு வண்டி வரும், எல்லாம் கேட்க வேண்டும்.

"சிறீதரன் குடும்பத்துக்கு எடுத்தாயா?" என்று ஹூபர் அம்மா கேட்டார்.

"யா," என்றேன்.

எட்டு வருடத்தில் அந்த மனுசிக்கு நான் சொன்ன முதல் பொய்.

ஜூன் 23

கொட்டில் வீட்டின் மற்றப் பாதியை இரண்டு பெரிய நாய்களோடு வருகிற ஒரு சோடிக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரத்துக்குக் கேட்டவர்கள். இந்த வாரம் வாருங்கள், காலநிலை நல்லது என்றேன். பட்டும் நகையுமாக நிற்கிற பெண்டுகள் நாயைக் கண்டு ஓடுகிற ஓட்டத்தை நான் பார்க்க வேண்டும்.

ஜூன் 28, சனி

நடந்துவிட்டது. ஒன்றும் விடாமல் எழுதி வைக்கிறேன்.

நேற்று வந்ததிலிருந்து அவர்கள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, இன்று ஒன்றரை மணிக்கு வேண்டுமென்றே லாயத்துப் பக்கம் போனேன். ரப்பர் சப்பாத்தோடு. சுகந்தினி ஓடி வந்தாள், என்னைக் கண்டு திகைத்து நின்றாள். பிறகு முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

"அக்கா, நீங்களோ இஞ்சை? கடவுளே, நல்லகாலம்! குதிரை எங்கையக்கா? இன்னும் காணேல்லை."

"குதிரையை நீங்கள்தானே கொண்டு வரவேணும்," என்றேன்.

படிவத்தைக் காட்டினேன். படித்தாள். வாய் திறந்தபடி நின்றாள். நான் மூன்று மாதம் காத்திருந்தது அந்த முகத்துக்காகத்தான். சிறீதரன் வந்து, படப்பிடிப்புக்காரருக்கு முன்னால் அவளைப் பேசாத பேச்சில்லை. "ஒரு கடதாசி ஒழுங்கா வாசிக்கத் தெரியாதோ உனக்கு?" ஆட்கள் அங்கும் இங்கும் தொலைபேசி எடுத்தார்கள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு வெள்ளைக் குதிரையை யார் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

அவள் என்னிடம் திரும்பி வந்தாள். "அக்கா, மதுஜாக்குக் குதிரைக்காரர் ஆரையும் தெரிஞ்சிருக்குமோ?"

என்ன துணிச்சல்! "அவள் சாணி அள்ளுறவள்தானே," என்றேன். திரும்பிப் போனாள்.

பிள்ளை கடைசியில் நடந்துதான் போனது. நேற்றைய மழையில் வயல் பாதை ஊறிக் கிடந்தது, குதி உயர்ந்த சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் புதைந்தது. முன்னால் நாதஸ்வரம், பின்னால் கைபேசி பிடித்தபடி சிரிக்கிற சொந்தங்கள். மண்டபத்து மேடையில் தெர்மோகோலில் செய்த வெள்ளைக் குதிரை இரண்டு இவர்களுக்காகக் காத்திருந்ததாம்.

நாய்கள் மட்டும் என்னை ஏமாற்றிவிட்டன. வெளிக்கிட முன் பிள்ளை கொட்டில் படியில் குந்தி அழுதபோது, பெரிய நாய் போய் அதன் காலடியில் படுத்துக்கொண்டது. பிள்ளை பயப்படவில்லை, நாயின் தலையில் கை வைத்தபடி இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

நன்றாகச் சாப்பிட்டேன். நித்திரை வரும் என்று நினைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

வீடியோ எல்லாக் குழுவிலும் வந்துவிட்டது. "வெண்புரவி எங்கே?" என்று யாரோ பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நான் ஏழு தடவை பார்த்தேன்.

மதுஜாவுக்கும் அனுப்பினேன். "கடவுள் காட்டிப்போட்டார்" என்று எழுதி.

ஜூன் 30

மதுஜா காலை ஏழு மணிக்கே எடுத்தாள்.

"அம்மா, சுகந்தினி அன்ரி ஒண்டும் செய்யேல்லை."

எதைச் சொல்கிறாள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"நிருசனிட்ட நான்தான் சொன்னனான். எனக்கு அந்தக் கலியாணம் வேண்டாம், நான் குதிரையளை விட்டு வரமாட்டன், சாணி அள்ளுறதுதான் என்ர வேலை எண்டு. அன்ரி அதைக் கேட்டுட்டு என்னட்ட வந்தவ. நான் காலைப் பிடிச்சுக் கெஞ்சினனான், அம்மாட்டச் சொல்லாதேங்கோ எண்டு. அதுக்கு முதல் வந்த சம்பந்தத்தை நான் வேண்டாம் எண்டதுக்கு நீங்கள் அஞ்சு நாள் சாப்பிடாமல் கிடந்தனீங்களெல்லே? எனக்குப் பயம். 'பழியை என்னிலை போடட்டும், நான் தாங்குவன்' எண்டவ."

சமையலறையில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மூன்று வருடம். கோவிலில் தலையைக் குனிந்துகொண்டு போனாளே. நான் அதைக் குற்ற நெஞ்சு என்று நாலு பேருக்குக் காட்டினேனே.

பிள்ளையும் ஒருதரம் என்னிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு அவளிலும் கோபம். இல்லை, என்னில். ஐயோ, ஆரில எண்டே தெரியேல்லை.

ஜூலை 2

நான் படிவத்தைப் பார்த்ததும், பேசாமல் இருந்ததும், ஹூபர் அம்மாவிடம் பொய் சொன்னதும் மதுஜாவுக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. பேசாமல் விட்டால் இப்படியே போய்விடும்.

போகுமா?

ஜூலை 5

ஹூபர் அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இனிக் குதிரைக்காரருக்குத் தானே தொலைபேசி எடுப்பதாகச் சொன்னார். வேலை இருக்கிறது. அந்த வேலை இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஓர்லிகோனுக்குப் போனேன். சுகந்தினிதான் கதவு திறந்தாள். "வாங்கோ அக்கா" என்றாள், தேத்தண்ணி போட்டாள். கிருசிகா அறையை விட்டு வெளியே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பொடியள் குதிரைமாதிரிக் கனைத்தார்களாம். விடுமுறை தொடங்கியது நல்லதாகப் போயிற்று என்றாள்.

"என்ர பிழைதான் அக்கா. படத்தைப் பார்த்து நம்பிட்டன். உங்களையும் அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால சங்கடப்படுத்திப்போட்டன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை. மதுஜா சொன்னதைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன், மார்ச் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாக. நாய்களை வரவழைத்தது உட்பட.

அவள் அழுவாள், இல்லாவிட்டால் ஏசுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். எழுந்து போய்க் கிருசிகாவின் அறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தாள்.

"மதுஜாட்ட இதைச் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். "தன்னாலதான் எண்டு அந்தப் பிள்ளை உடைஞ்சு போகும்."

பிறகு என் முன்னால் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். நான் இன்னும் குடித்து முடிக்கவில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன், அவள் வெளியே வரவில்லை. நானே கதவைத் திறந்துகொண்டு வந்தேன்.