வெக்ஸ்போர்ட்டின் சீமாட்டிகள்

அக்கா,

பராசக்தி, நேசம், சரசு, எஞ்சினியர் வீட்டு மிஸஸ், நீங்கள், நான். அன்றைக்கு அந்த அறையில் இருந்தது இந்த ஆறு பேர்தான். ஏழாவதாக ஆரும் வந்து "நானும் நிண்டனான்" என்றால் அது பொய். இன்று காலமை குளிர் உடுப்புப் பெட்டியைத் திறந்தேன். மேலே உங்கள் சிவப்புச் சால்வை. தைல மணம் இன்னும் போகவில்லை. அது மூக்கில் ஏறினதும் எல்லாரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து இருந்துவிட்டீர்கள்.

புதன்கிழமை. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தின் கீழ் அறை. வெளியே கொட்டுகிற பனி, உள்ளே பிளாஸ்கில் தேத்தண்ணி, பராசக்தி கொண்டு வந்த ரோல்ஸ். நீங்கள் ஊரில் மருத்துவிச்சியாக இருந்தவ, இங்கிலீசு தெரிந்தவ. முதல்நாள் ரீவியில் பார்த்த புதினத்தைச் சொல்லத் தொடங்கினீர்கள்.

"இங்கிலாந்தில பிரபுவைக் கட்டினால் பெண்சாதிக்கும் பட்டம். அது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே, ஊரில உடையார் பெண்சாதி, விதானையார் பெண்சாதி மாதிரி. ஆனால் சில பொம்பிளையளுக்கு அவையின்ர சொந்தப் பேரிலயே பட்டம் குடுக்கினமாம்."

"அப்ப புருஷனுக்கு?" என்றாள் சரசு.

"ஒண்டுமில்லை. அவர் வெறும் மிஸ்டர்."

"வெறும் மிஸ்டரோ?"

"ஓம். வெறும் மிஸ்டர்."

நேசத்துக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது. சிரித்து முடிய நீங்கள் சால்வையைத் தோளில் போட்டு, ஊன்றி நடக்கிற பொல்லை எடுத்து நிமிர்ந்து இருந்தீர்கள். "இண்டைக்கு நான் பட்டம் குடுக்கப் போறன். ஒவ்வொருத்தராய் வாங்கோ. புருஷன்ர உத்தியோகம் சொல்லக் கூடாது. பிள்ளையளின்ர படிப்புச் சொல்லக் கூடாது. நீங்கள் ஆர், என்ன செய்தனீங்கள், அதை மட்டும் சொல்லுங்கோ."

எங்களுக்கு இதைவிடக் கஷ்டமான சோதனை வேறு இல்லை.

பராசக்தி எழும்பினாள். "என்ர மகன் மார்க்கம் ரவுணில வீடு வாங்கி..." பொல்லு நிலத்தில் டொக் என்றது. "என்ர மருமகள்..." டொக். கடைசியில், "ஒஷாவாவில இருந்து பஸ் மாறி மாறித் தனிய வாறன், பனிக்குள்ளையும்" என்றாள். நீங்கள் தோளில் பொல்லால் தொட்டு, "ஒஷாவாச் சீமாட்டி" என்றீர்கள். தான் ஒன்றுமே செய்யவில்லை என்று நின்ற சரசுவுக்கு, வாடகை வீட்டுச் சொந்தக்காரனைத் தமிழிலேயே ஏசி ஹீற்றர் திருத்த வைத்ததற்காக ஹீற்றர்ச் சீமாட்டிப் பட்டம். நேசத்துக்கு என்ன பட்டம் என்பதை அவள் எழுத வேண்டாம் என்கிறாள்.

பிறகு என் முறை. எழும்பி நின்றேன். வாயில் "நான் அவற்ற பெண்சாதி..." என்றுதான் வந்தது.

அவர் ஜெர்மனிக்குப் போனபோது சின்னவளுக்குப் பல்லு முளைக்கவில்லை. ஆறு மாதத்தில் கூப்பிடுகிறேன் என்றவர், அங்கே வேறு குடும்பமாகிப் போனார். ஆனால் எங்கள் ஆக்களுக்குப் புருஷனின் பெயர்தானே பின்பெயர். கனடாவில் டொக்டரிடம் போனாலும் வங்கிக்குப் போனாலும் மிஸஸ் போட்டு அந்தப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். என்னை விட்டுப்போன மனுசனின் பெயருக்கு நான் எழும்பி "யெஸ்" சொல்ல வேணும்.

அப்போதுதான் எஞ்சினியர் வீட்டு மிஸஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "பட்டம் எண்டால் புருஷனால வரவேணும். உவவுக்கு ஆர் குடுக்கிறது?"

"நான் குடுக்கிறன்," என்றீர்கள். "உங்களுக்கும் வேணுமெண்டால் வரிசையில நில்லுங்கோ." பிறகு என்னைப் பார்த்து, "பூமணி, நீர் என்ன செய்தனீர்? சொல்லும்."

"பிஸ்கட் பக்டரியில இருபது வருஷம் லைன்ல நிண்டனான். என்னால ஒரு நாளும் லைன் நிண்டதில்லை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை ஆளாக்கினனான்."

"பிள்ளையளைச் சொல்லக் கூடாது."

"படிப்பைத்தானே சொல்லக் கூடாது எண்டனீங்கள்."

தோற்றுப்போய்ச் சிரித்தீர்கள். பொல்லு என் தோளில் பட்டது. "வெக்ஸ்போர்ட் சீமாட்டி பூமணி. இனி உவவை இந்தக் கட்டடத்தில ஆரும் மிஸஸ் எண்டு கூப்பிடக் கூடாது."

கடைசியாக வரிசையில் வந்து நின்றது ஆர் தெரியுமே? உங்களுக்குத் தெரியும், ஆனால் எனக்கு எழுத ஆசை. எஞ்சினியர் வீட்டு மிஸஸ். "என்ர பேர் இந்திராணி," என்றா. எட்டு வருஷம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கியும் அந்தப் பெயர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

கட்டடம் துப்புரவாக்குகிற பிலிப்பைன்ஸ்காரன் கூட, "குட் மோர்னிங், சீமாட்டி" என்று சொல்லப் பழகினான். அதற்குத் திரும்பிப் பார்க்க எனக்கு ஒரு நாளும் கஷ்டமாக இருந்ததில்லை.

ஆசுப்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்னது: "பூமணி, உந்தக் கோவங்களை ஒவ்வொண்டாய் இறக்கி வையும்." உங்களுக்காக இறக்கினேன். என் புட்டுக் குழலை நெளித்த சரசுவை மன்னித்தாச்சு. இந்திராணியை மன்னிக்க நாலு வருஷம் சென்றது, ஆனாலும் மன்னித்தாச்சு. உங்கள் செத்தவீட்டுக்கு வராத பராசக்தியின் மகனையும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மன்னித்தாச்சு.

போன கிழமை சின்னவளைக் கொண்டு பெயர் மாற்றுகிற விண்ணப்பப் போம் எடுப்பித்தேன். புதுப் பின்பெயர் என்ன என்று கேட்டாள்.

"சீமாட்டி."

"அம்மா, உண்மையாவோ?"

"ஓம்."

பேனையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணி வரும்வரை சிரித்தாள். பிறகு வடிவான எழுத்தில் எழுதினாள். பழைய பெயர் எழுதுகிற இடம் வந்தபோது, "அதை நான் எழுதுறன்" என்று வாங்கினேன். புருஷனின் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். கழுத்தில் தாலி ஏறின நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. இங்கிலீசில் எழுத்துக்கூட்டி எழுதினேன்.

நீங்கள் தந்த பட்டம் இனி அரசாங்க அட்டையிலும் இருக்கும் அக்கா. சாகும்வரை அதை வைத்திருப்பேன். கோபத்திலும் ஒன்றை இறக்காமல் வைத்திருக்கிறேன். அதற்கு நீங்கள் என்னைப் பேசினாலும் பரவாயில்லை. பக்டரியில் கால் வீங்கி நின்ற ஒவ்வொரு நாளுக்கும், அப்பா எப்ப வருவார் என்று சின்னவள் கேட்ட ஒவ்வொரு நாளுக்கும், நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான். தமிழிலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன்: நவரத்தினம்.