நாற்பத்தெட்டு வோல்ட்

ஜூன் 2, திங்கள்

மீட்டரை உடைத்துவிட்டேன். நல்ல மீட்டர். வேனின் படியில் ஓங்கி ஒரே அடி, கண்ணாடி சுக்குநூறு.

"கோவம் வந்தா கத்தாதீங்க, உடைக்காதீங்க, இதுல எழுதுங்க" என்று மனைவி போன மாதம் கொடுத்த நோட்டு இது. இன்றைக்குத்தான் முதல் பக்கம். உடைத்த பிறகு எழுதினால் செல்லுமா என்று அவளிடம் கேட்டேன். "பாதி மார்க்" என்றாள்.

திருட்டு அலாரம் மாட்டுவது என் தொழில். பதினாறு வருஷத்தில் தங்கச்சி வீட்டில் மாட்டியதுபோல் எங்கேயும் மாட்டியதில்லை. முன் கிரில், பின் கதவு, எல்லா ஜன்னலிலும் சென்சார். எதை உலுக்கினாலும் சைரன் அலறும், அதே நேரம் அலாரத்தின் மூளையான பேனல் போன் லைனில் மூன்று எண்களைக் கூப்பிடும். இதெல்லாம் திருடனுக்காக இல்லை, அவள் புருஷனுக்காக. அந்தத் தெருப் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட் சொல்லியிருக்கிறது. கோர்ட் சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

தினமும் மாலை ஆறு மணிக்கு பேனல் என் செல்லுக்கு ஒரு சோதனை அழைப்பு அனுப்பும். லைன் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். நேற்று வரவில்லை, ஏழரைக்கு மேல்தான் வந்தது. இன்று காலை ஓடினேன். 'போன் லைன் பழுது' என்று பேனலின் நினைவில் பதிந்திருந்தது. லைனை அளந்தால் நாற்பத்தெட்டு வோல்ட். அவ்வளவுதான் இருக்க வேண்டும், அவ்வளவே இருந்தது. பழுதே இல்லாத பழுதை எப்படிச் சரிசெய்வது? அங்கேதான் மீட்டர் போனது.

தங்கச்சி மகள் பட்டாணி வழக்கம்போல் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். என் வேன் சத்தம் கேட்டாலே அந்த விளையாட்டு. நாற்காலியை வேறு இழுத்து மூடிக்கொள்வாள். ஆறு வயசு, வால்.

ஜூன் 5, வியாழன்

நேற்றும் ஆறு மணி அழைப்பு வரவில்லை. மழை. வெளிச்சுவரில் இருக்கும் போன் பெட்டியைத் திறந்தால் திருகெல்லாம் பச்சை பிடித்துக் கிடக்கிறது. ஆஹா, மாட்டினாயா! எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி, புதுத் திருகு. லைன் முதலில் பேனலுக்கு, அதற்கப்புறம்தான் வீட்டுப் போனுக்கு என்று மறுபடி இழுத்தேன். ரிசீவரை எவன் எடுத்துக் கீழே வைத்தாலும் பேனல் லைனைப் பிடுங்கிக்கொள்ளும்.

தங்கச்சி காபி கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எதுக்குண்ணா இத்தனை தடவை அலையற? விட்டுடு."

"விடறதா? அவன் வந்தா என்ன பண்ணுவ?"

ரெண்டு வருஷம் முன்னால் இதே கூடத்தில் சுத்தியலால் அவன் விரல் ரெண்டை ஒடித்தேன். பதினோரு நாள் ஜெயில். அதற்கு நான் வருத்தப்பட்டதே இல்லை. மூன்றாவது விரல் பாக்கி இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

நேற்று மறுபடி. புதுக் கம்பி போட்டும் மறுபடி!

அப்படியென்றால் பழுது வெளியே, கம்பத்தில். போன் கம்பெனி லைன்மேனை வரவழைத்தேன். ஐம்பது வயசு, ஒல்லி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. ஏணி போட்டு ஏறினார், அளந்தார், இறங்கினார்.

"லைன் தங்கம் மாதிரி இருக்கு தம்பி. கோளாறு வீட்டுக்குள்ளதான்."

"என் வேலையில கோளாறா?"

"நான் அப்படிச் சொல்லல. உள்ள பாருங்கன்னு சொன்னேன்."

சொன்னது அவ்வளவுதான். அதில் அடிக்க என்ன இருக்கிறது? இப்போது கேட்கிறேன், அப்போது கேட்கவில்லை. வாயிலேயே குத்தினேன். கிராம்பும் ரத்தமும் சேர்ந்து சட்டையில் வழிந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டுல இருக்கறவங்க பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பிப் பார்த்தேன். தங்கச்சி ஜன்னலில் நின்றிருந்தாள். திரையை இழுத்து மூடினாள்.

ஜூன் 11, புதன்

அழைப்பு வரவில்லை. போகவில்லை. போனால் எதையாவது கொளுத்திவிடுவேன்.

ஜூன் 15, ஞாயிறு

வரவில்லை. ஏழு முப்பத்தைந்துக்கு வந்தது. பாழாய்ப்போன லைன்.

ஜூன் 18, புதன் – மருத்துவமனை வராந்தா

கை ஓடவில்லை. எழுது. எழுதுடா.

ஆறு மணிக்கு அழைப்பு வரவில்லை. அந்தக் கம்பெனியைத் திட்டினேன், டீ போடச் சொன்னேன், உட்கார்ந்து குடித்தேன். குடித்தேன்! நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பிஸ்கட்டை வேறு நனைத்துத் தின்றேன். ஆறேகாலுக்குத் தங்கச்சியின் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கூப்பிட்டார்.

"தம்பி, உடனே வாங்க. உங்க தங்கச்சிய அடிச்சுப் போட்டுட்டான்."

அவன் கிரில் பூட்டை உடைத்திருக்கிறான். சைரன் அலறியிருக்கிறது. தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. அலாரத்தின் எண் அழுத்தும் கீபேடைச் சுவரிலிருந்து பிய்த்து அதாலேயே அவள் முகத்தில் அடித்திருக்கிறான். செல்லைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்திருக்கிறான். இடது கை ரெண்டு இடத்தில் முறிவு. புருவத்துக்கு மேல் ஏழு தையல். தையல்காரம்மா துணி வெட்டும் கத்தரியோடு ஓடி வந்து அவன் முதுகில் ஒன்று இறக்கியதால்தான் விட்டுவிட்டு ஓடியிருக்கிறான். அந்தம்மாவுக்கு அறுபத்திரண்டு வயசு. நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று எண்கள். ஒன்று, என் செல். இரண்டு, என் கடை. மூன்று, என் வீடு. போலீஸ் வருவதற்குள் நான் போய்விடுவேன் என்று பெருமையாகப் போட்டேன். ஒன்றுக்குமே மணி அடிக்கவில்லை.

கொல்லுவேன் அவனை.

ஜூன் 19, வியாழன்

அவன் தங்கியிருந்த அறையைக் கண்டுபிடித்தேன். ஆள் இல்லை. கடப்பாரையால் கதவைப் பிளந்தேன். டிவி, கண்ணாடி, கட்டில், அவன் சட்டைகள் தொங்கிய அலமாரி, தண்ணீர் டிரம். ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று "ஐயோ, என் வீடுய்யா, அவன் வீடு இல்லய்யா" என்று கத்தினார். கேட்டது. நிறுத்தவில்லை.

நன்றாக இருந்தது. பசித்தவன் சாப்பிடுகிற மாதிரி இருந்தது.

கடப்பாரை வேனில் இருக்கிறது. அவன் எங்கே போய்விடுவான்?

ஜூன் 21, சனி

அவள் இன்னும் மருத்துவமனையில். பட்டாணி தையல்காரம்மா வீட்டில். புதுக் கீபேட் மாட்ட நான் மட்டும் போனேன். தரையில் ரத்தத்தை யாரோ கழுவியிருந்தார்கள், மூலையில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது.

வாசலில் லைன்மேன். கீழுதட்டில் தையல், நான் வைத்தது. எதற்கு வந்தாரோ, அடிக்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"கேள்விப்பட்டேன். லைன இன்னொரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். எங்க மேல பழி வரும்ல?"

மன்னிப்புக் கேட்டேன். வாய் சரியாக வரவில்லை. அவர் கையை ஆட்டினார்.

"அத விடுங்க. உங்க பேனல் பழுது நேரத்த எழுதி வைக்கும்ல? காட்டுங்க."

காட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஞாயிறு ஐந்து இருபது, பழுது. ஏழு இருபத்தைந்து, சரியாயிற்று. புதன் ஐந்து இருபது, பழுது. ஏழு முப்பது, சரியாயிற்று. ஞாயிறு. புதன். ஞாயிறு. எல்லாப் பழுதும் ஐந்து இருபதை ஒட்டித்தான். நான் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கிழமையைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, தண்ணி எறங்குனா வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். நாப்பது, முப்பதுன்னு இழுக்கும், லைன்ல இரையும். இது பாருங்க, ஒரே போடா சைபர். துருவுக்குக் கிழமை தெரியுமா? இது கைவேலை. பேனலுக்குப் போற போன் லைன் ஜாக்க யாரோ உருவி வெச்சுட்டு மறுபடி சொருகுறாங்க. அன்னைக்குச் சொருக நேரம் கிடைக்கல, பாருங்க, இன்னும் தொங்குது."

பதினாறு வருஷ அனுபவம். கடைக்கு வரும் எந்த வாடிக்கையாளருக்கும் இதை அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பேன்.

வீட்டில் இருந்தது இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு ஜாக் எட்டாது.

ஜூன் 22, ஞாயிறு

கேட்டேன். எப்படிக் கேட்டேன்? கத்தித்தான். நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"நீயா உருவி வெச்ச?"

"ஆமா."

"ஏன்டி? பைத்தியமா உனக்கு?"

கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னாள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. மூன்று வாரமாக அவன் புதனும் ஞாயிறும் ஐந்தரைக்கு வந்து கிரிலைப் பிடித்துக்கொண்டு நிற்பானாம். பிள்ளையைக் காட்டு என்பானாம். காட்டினால் பார்த்துவிட்டுப் போய்விடுவான், காட்டாவிட்டால் கிரிலை உலுக்குவான். உலுக்கினால் பேனல் என்னைக் கூப்பிடும்.

"அலாரத்தை அணைச்சு வெச்சிருக்கலாமே?"

"அணைச்சாலும் உனக்குத்தானே மெசேஜ் வரும்? நீதானே அப்படி வெச்ச? இருமினாக்கூட உனக்குத் தெரியணும். வேற வழி இல்லாமத்தான் ஜாக்க உருவினேன்."

"நான் வந்திருப்பேனே! வந்து அவன—"

"அதுக்குத்தாண்ணா உருவினேன். நீ வந்தா கொலை விழும். அவன் அடிச்சா எனக்கு அடி. நீ வந்தா நீ தூக்குல, அவன் குழியில. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். அன்னைக்கு நீ சுத்தியல எடுத்தப்ப பட்டாணி எங்க இருந்தான்னு தெரியுமா? சாப்பாட்டு மேசைக்கு அடியில. நாலு வயசு. எல்லாத்தையும் பாத்தா. அவங்கப்பா வந்தா அழுவா. நீ வந்தா அழக்கூட மாட்டா, நேரா மேசைக்கு அடியிலதான் போவா. அத விளையாட்டுன்னு நீ சிரிப்ப."

கோபம் தலைக்கு ஏறியது. யார்மேல் என்று தெரியவில்லை. சுவரில் குத்தத்தான் கையைத் தூக்கினேன். சத்தியமாகச் சுவரில்தான்.

அவள் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தலையை மூடிக்கொண்டாள்.

முழங்கை முன்னால், கழுத்து உள்ளே. யோசிக்காமல், பழக்கப்பட்ட மாதிரி. அவன் அடிக்க வரும்போது இப்படித்தான் மூடியிருப்பாள். இப்போது என்னிடம்.

கையை எப்போது இறக்கினேன் என்று தெரியவில்லை. வேனில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தைந்து வயசில் மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

ஜூன் 23, திங்கள்

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போனாள். வேனிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு எங்கேயோ நடந்துபோனாள். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தங்கச்சி வீட்டுக்கு வந்துவிட்டாள். அறையை உடைத்ததற்கு நானே ஸ்டேஷனில் போய்ச் சொல்லிவிட்டேன், வழக்கு வரும். அவனை இன்னும் தேடுகிறார்கள்.

பேனலைத் திறந்து அவளை நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நான் சொல்லச் சொல்ல அவளே ஒற்றைக் கையால் அழுத்தினாள். என் மூன்று எண்களையும் அழித்தாள். முதல் எண், போலீஸ் ஸ்டேஷன். இரண்டாவது, தையல்காரம்மா.

"மூணாவது?" என்றேன். கொஞ்சம் எதிர்பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது.

"காலியா இருக்கட்டும்ணா. அப்புறம் பாக்கலாம்."

ஆறு மணிச் சோதனை அழைப்பையும் அவள் புதுச் செல்லுக்கே மாற்றினாள். ரகசிய எண்ணைப் புதிதாகப் போடச் சொல்லிவிட்டு நான் சுவர் பக்கம் திரும்பி நின்றேன். நான் மாட்டிய அலாரத்தில் எனக்கே எண் தெரியாதது இதுதான் முதல் தடவை.

போகும்போது மேசைக்கு அடியில் பார்க்கவில்லை. "மாமா போறேன்" என்று மட்டும் பொதுவாகச் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

ஐந்து மணியிலிருந்து உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வேன் சாவி மனைவியிடம். நான்தான் கொடுத்தேன். ஆறு ஆயிற்று. செல்லைப் பார்த்தேன். வராது என்று தெரியும், பார்த்தேன்.

ஏழு மணிக்குத் தங்கச்சியே கூப்பிட்டாள்.

"அவன் வந்தாண்ணா. அஞ்சரைக்கு. கிரில உலுக்கினான். சைரன் அடிச்சுது. ஏழெட்டு நிமிஷத்துல போலீஸ் வந்துட்டாங்க. தையல்காரம்மா தானே பிடிச்சுக் குடுத்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காங்க. அவன போலீஸ் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"உனக்கு?"

"ஒண்ணுமில்ல. கிட்டயே வரல."

ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எனக்குச் சொல்கிறாள். வாய்வரை வந்தது. விழுங்கினேன்.

"லைன் எப்படி இருக்கு?"

"நல்லாருக்குண்ணா."

பின்னால் பட்டாணியின் குரல் கேட்டது. எங்கேயோ அடியிலிருந்து கேட்கிற மாதிரி.

"அம்மா, மாமா வர்றாரா?"

"இல்லடா. வரல."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் தரையில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம். சரி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அந்தச் சத்தம் அடங்கும்வரை வைக்காமல் இருந்தேன்.