என் குரலை இரைச்சல் என்று கற்றுக்கொண்ட வடிகட்டி

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை ஐந்து டிகிரி, இங்கே குளிர்காலம். மேகம். வீட்டிலிருந்தே வேலை. செய்ய வேண்டியவை: மீட்டிங்கில் சோதனை முடிவுகள், குளியலறை பல்பு, அரிசி.

இன்று முதல் அலுவலகத்தின் எல்லா மீட்டிங்குகளும் எங்கள் புதிய வடிகட்டி வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று உத்தரவு. இரண்டு வருட உழைப்பு, பெரும்பகுதி என்னுடையது. தொலைபேசிப் பேச்சிலிருந்து பின்னணிச் சத்தத்தை நீக்கும். எது சத்தம் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம், கேட்கக் கேட்கத் தானே கற்றுக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்கு ஒரு மருத்துவமனையின் நர்ஸ் லைனுக்குப் போகிறது. உடம்பு சரியில்லாதவர்கள் அழைத்து ஆலோசனை கேட்கும் எண்.

9.30 மீட்டிங். நான்கு நிமிடம் பேசினேன். முடித்ததும் நிசப்தம். அசந்துபோய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லோரையும் 'மேட்' என்று அழைக்கும் மேலாளர் கிரெக்: "மியூட்ல இருக்கீங்க, மேட்."

இல்லை.

அரிசி வாங்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

தூறல். நேற்றைய ஒலிப்பதிவைக் கேட்டேன். முதல் பத்து விநாடி நான் தெளிவாக இருக்கிறேன். பிறகு தேய்கிறேன். இருபதாவது விநாடியில் நானும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் சேர்ந்தே காணாமல் போகிறோம்.

காரணம் எளிது. வடிகட்டிக்கு நான் கொடுத்த விதி: மாறிக்கொண்டே இருப்பது பேச்சு, மாறாமல் தொடர்வது இரைச்சல். மின்விசிறி, ஏசி, நெடுஞ்சாலை. நான்.

சோதனையில் ஏன் தெரியவில்லை? சோதனைக்குப் பேசியவர்கள் எல்லோரும் நாடக நடிகர்கள். உப்பு எங்கே என்று கேட்கவே மூன்று உணர்ச்சி காட்டுவார்கள்.

மாணவனாக இந்நாட்டுக்கு வந்த புதிதில் என் குரல் உயர்ந்தால் கோபமா என்றார்கள், தாழ்ந்தால் கவலையா என்றார்கள். நடுவில் ஓர் இடம் பார்த்து நிறுத்திவிட்டேன். பதினைந்து வருடம் அசையவில்லை. எங்கள் துறையில் இதற்கு நிலைத்தன்மை என்று பெயர், பாராட்டாகச் சொல்வது.

மனைவி வாணியிடம் சொன்னேன். குழந்தைகள் காப்பகத்தில் கதை வாசிக்கிற வேலை அவளுக்கு. ஒரு வரிக்குள் நரியாகவும் கோழியாகவும் இருப்பாள். சமையலறையில் அகப்பையோடு உட்கார்ந்து சிரித்தாள்.

"நீங்கள் என்னைக் கலியாணம் செய்யக் கேட்டதும் உந்தக் குரலிலதானே. ஹோம்புஷ் ஸ்டேஷன்ல. ரெயில் பிந்தி வருதெண்டு சொல்லுறாங்களாக்கும் எண்டு நினைச்சிட்டன்."

"அப்புறம் ஆமான்னு சொன்னியே?"

"ரெண்டாம் தரம் சொல்லேக்கதான் விளங்கினது."

கிரெக்குக்கு நீண்ட மின்னஞ்சல். தலைப்பு: வடிகட்டி சிலரை அழிக்கிறது. பதில்: கட்டைவிரல் படம். கீழே, 'வெள்ளி மீட்டிங்கில் சொல்லுங்கள்.'

ஆகஸ்ட் 7, புதன்

வெயில், உதவாத வெயில். ஒரு குரலை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. இரண்டாவது குரல் வேண்டும், என்னைப் போல. மூன்றாம் மாடி தம்பு அங்கிள்.

அங்கிள் யாழ்ப்பாணத்தில் நில அளவையாளராக இருந்தவர். எழுபத்தாறு வயது, தனியாள். இறப்புச் செய்தியையும் தண்ணீர்க் குழாய் உடைந்ததையும் ஒரே சுருதியில் சொல்வார். அவர் அவரது வீட்டிலும் நான் எங்கள் வீட்டிலுமாக, வடிகட்டி வழியாகப் பத்து நிமிடம் பேசினோம். முதல் அரை நிமிடத்துக்குப் பிறகு இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் மரியாதைக்காகத் தொடர்ந்து பேசினோம்.

பிறகு கீழே வந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நர்ஸ் லைனுக்கு எண்டுதானே தம்பி சொன்னனீர். நான் அங்க மாசத்தில ரெண்டு தரம் எடுக்கிறனான். அதால, நெஞ்சு நோகுது எண்டு சொல்லிப் பாத்தனான். நாலு தரம்."

ஒலிப்பதிவைப் போட்டேன். நான்கு தரமும் சுத்தமான அமைதி. தரமான வேலை, சந்தேகமில்லை.

வாணி சிரிக்கவில்லை. "உது வெள்ளிக்கிழமை போகப்படாது," என்றாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காற்று. துணி உலர்த்தும் ரேக் பால்கனியில் விழுந்து கிடக்கிறது. நிமிர்த்த வேண்டும்.

விதியை மாற்ற எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்தேன். குறைந்தது மூன்று வாரம். நாளைய மீட்டிங்கில் நிறுத்தச் சொல்வதுதான் ஒரே வழி, அந்த மீட்டிங்கும் வடிகட்டி வழியாக. வாணி மாலையில் பயிற்சி கொடுத்தாள்.

"சொல்லுங்கோ. இது ஆபத்து!"

"இது ஆபத்து."

"பஸ் நம்பர் சொல்லுற மாதிரி இருக்கு. சிங்கம் வருதெண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறீங்கள் எண்டு நினையுங்கோ."

"சிங்கம் வருது."

"ஐயோ, அந்தச் சிங்கம் டிக்கெட் எடுத்துக்கொண்டெல்லோ வருது."

ஒரு மணி நேரம். கடைசியில் மூன்று வாக்கியம் தேறின. கைகளையும் அசைக்கச் சொல்கிறாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மழை.

10.00 மீட்டிங். என் முறை வந்ததும் மூன்று வாக்கியங்களையும் கற்றபடி சொன்னேன். குரல் ஏறியது, இறங்கியது, 'ஆபத்து' என்ற இடத்தில் லேசாக நடுங்கியதும் உண்டு. கைகள் அசைந்தன. வடிகட்டி ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை.

திரையில் எட்டு முகங்களும் உறைந்தன. கிரெக் மெதுவாக: "மேட், வீட்ல எல்லாம் சரிதானே?"

சரி என்றேன். அவர்களைத் தேற்றுவதற்காக என் சொந்தக் குரலுக்குத் திரும்பி, பிழையை முழுதாக, வரிசையாக, உதாரணங்களோடு ஆறு நிமிடம் விளக்கினேன். எல்லோரும் இரக்கத்துடன் தலையசைத்தார்கள்.

10.50 மீட்டிங் குறிப்பு வந்தது. ஒன்று: வெளியீடு இன்று மாலை ஐந்து மணி, எதிர்ப்பு இல்லை. இரண்டு: என் மனநலம் குறித்து அனைவரும் அக்கறை எடுக்க வேண்டும்.

கிரெக்கை அழைத்தேன், எடுக்கவில்லை. 'ஓய்வு எடுங்கள்' என்று குறுஞ்செய்தி. நேரில் போவதென்று முடிவு. படியில் தம்பு அங்கிள். விஷயம் சொன்னேன்.

"நானும் வாறன். நீர் தனியப் போனால் பாவப்படுவாங்கள். ரெண்டு பேரெண்டால் அது பரிசோதனை."

12.40 ரயில். அங்கிள் கோட்டும் டையும். அலுவலகத்தில் கிரெக்கைக் கண்ணாடி அறைக்கு வெளியே உட்காரவைத்துக் காதில் ஹெட்செட். உள்ளே அங்கிள், மடிக்கணினி முன். வடிகட்டி கற்றுக்கொள்ளட்டும் என்று முதலில் பென்ஷன் அலுவலகத்துக்குப் போன கதை. பிறகு நெஞ்சு நோகும் வாக்கியம், ஆங்கிலத்தில். கிரெக் கண்ணாடி வழியாக உதடுகளைப் பார்த்தார், காதைத் தட்டினார், ஹெட்செட்டைக் கழற்றினார், கதவைத் திறந்தார்.

"என்ன சொன்னீங்க?"

அங்கிள் அதே சுருதியில்: "ஐ ஹேவ் எ பெயின் இன் மை செஸ்ட்."

கிரெக் வெளிறிப்போனார். சோதனை என்று நான் சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன், அதுதான் தவறு. நான் அதிர்ச்சியில் இருப்பதாக எண்ணி என்னையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஆம்புலன்ஸுக்கான மூன்று பூஜ்யத்தை அழுத்தினார். போன் பேசிக்கொண்டே மடிக்கணினியைப் பார்த்தார். திரையில் அங்கிள் வாயசைத்துப் பேசிய பதிவு இருந்தது, அதன் கீழே ஒலியின் கோடு தட்டையாக இருந்தது. கிரெக்கின் முகத்தில் இரண்டு வருட வேலை ஒரே நொடியில் புரிவதைக் கண்டேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார்.

அங்கிள்: "ஸீரோ."

அவர் அதை நம்பவில்லை. இப்படி நிதானமாகச் சொல்பவர்கள்தான் ஆபத்தானவர்களாம்.

"நீங்க உண்மையைச் சொல்லிருங்க அங்கிள்," என்றேன்.

"உண்மைதானே தம்பி. போன கிழமை நொந்தது. சும்மா வாயுவெண்டு விட்டிட்டன்."

மொழிபெயர்த்துச் சொன்னேன். உடனே ஸ்ட்ரெச்சர்.

4.20. மருத்துவமனை. மார்பில் ஒயர்களோடு அங்கிள் சாண்ட்விச் சாப்பிடுகிறார், வெண்ணெய் போதாது என்கிறார். இதயம் ஒழுங்காக அடிக்கிறதாம். இருந்தாலும் ஆறு மணி நேரம் வைத்துப் பார்ப்பது விதி. வாணி வந்துகொண்டிருக்கிறாள்.

4.35. கிரெக்கின் குறுஞ்செய்தி: 'வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். அவர் எப்படி இருக்கிறார்? நல்ல செய்தி என்றால் ஐந்துக்குள் சொல்லுங்கள், வெளியிட்டுவிடுவோம்.'

'நலம்' என்று தட்டினேன். அழித்தேன். 'இன்னும் கண்காணிப்பில் இருக்கிறார்' என்று தட்டினேன். இரண்டும் உண்மை. இரண்டாவதை அனுப்பினேன்.