முகம் பொருந்தவில்லை

ஜூன் 10, 2025, செவ்வாய்
திருக்கழுக்குன்றத்தில் பயிற்சி. ஜூலையிலிருந்து கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு பாக்கெட் கொடுக்கும் முன் அவர்கள் முகத்தைப் போனில் காட்ட வேண்டுமாம். ஆதார் அட்டையில் இருக்கும் படத்தோடு ஒத்துப்போனால்தான் மாவு. மற்ற அங்கன்வாடி டீச்சர்கள் முனகினார்கள். எனக்குப் பிடித்திருந்தது. வராதவர்கள் பேரில் கையெழுத்துப் போட்டு மாவை வெளியே அனுப்புகிறவர்கள் சிலரை எனக்கே தெரியும். இனி அது நடக்காது.

சூப்பர்வைசர் ஜாக்குலின் மேடம் என்னை எழுப்பி எல்லோருக்கும் செய்துகாட்டச் சொன்னார். நாற்பத்தேழு வயதில் கைத்தட்டல் வாங்கினேன்.

ஜூலை 3, வியாழன்
இருபத்து நான்கு பேரில் இருபத்து மூன்று முடிந்தது. மிச்சம் யோகேஸ்வரி.

குப்பத்தில் வலை போடும் லோகுவின் மனைவி. இரண்டு வருஷத்துக்கு முன் கேஸ் கசிந்து தீப்பிடித்ததில் முகத்தில் இடது பக்கமும் இரண்டு கைகளும் வெந்துபோயின. அதற்குப் பிறகு துப்பட்டாவால் மூடாமல் அவள் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. இப்போது நான்கு மாதம், தலைப்பிரசவம்.

வரிசையில் எல்லோர் முன்னாலும் துணியை எடுக்கச் சொன்னேன். உள்ளே தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. போன் கண்ணை இமைக்கச் சொன்னது. அவளுக்கு இடது இமை மூடாது. ஏழு தடவை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் அதே பதில்: முகம் பொருந்தவில்லை. பக்கத்தில் நின்றவளின் குழந்தை பயந்து அழுதது.

யோகேஸ்வரி துணியை இழுத்து மூடிக்கொண்டாள். "வுடு டீச்சர். எனக்கே கண்ணாடில அடையாளம் தெர்ல. அது இன்னா பண்ணும்."

ஜூலை 21, திங்கள்
அட்டையில் படத்தை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார் மேடம். நானே யோகேஸ்வரியை ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனேன். படம் மாற்றக் கைரேகை வைக்க வேண்டும். வெந்த விரலில் ரேகை ஏது? மேலே அனுப்பியிருப்பதாகச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்ட் 6
யோகேஸ்வரி வரவில்லை. பாக்கெட் கணக்கும் போனுக்குள்தான். ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்க முடியாது. உதவியாளர் எல்லம்மாளிடம் முட்டையும் கடலையும் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
என் மையம் தொண்ணூற்றாறு சதவீதத்தில் நிற்கிறது. வட்டாரத்திலேயே மற்ற மையங்கள் எல்லாம் நூறு. மேடம் போனில் கத்தவில்லை, அலுத்துப்போன குரலில்தான் சொன்னார்: "அந்த ஒரு பேரை இடம்பெயர்ந்தவர்னு போட்ருங்க ரேணுகா. அட்டை சரியானதும் திரும்ப ஏத்திக்கலாம்."

போட்டேன். பெயர் மறைந்தது. நூறு என்று பச்சையில் வந்தது.

பொய்தான். ஆனால் மாவு எப்படியும் அவளுக்குப் போகவில்லையே, இதனால் புதிதாக என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது?

செப்டம்பர் 18
பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்
தீபாவளி வேலை. குழந்தைகள் ஆறு பேருக்குக் காய்ச்சல். யோகேஸ்வரியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக நினைக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி
காலையில் எல்லம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள். யோகேஸ்வரிக்கு நேற்று வலிப்பு வந்து செங்கல்பட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். தாய் பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. எட்டாம் மாதம்.

ரத்த அழுத்தம் ஏறியிருந்ததாம். கால் வீங்கியிருந்ததாம். மாதாமாதம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் எங்கே போனாள்? அவளிடம் போனில் கேட்டேன். "அந்தப் பேரு என் லிஸ்ட்லயே இல்லையே அக்கா, ஊரை விட்டுப் போய்ட்டாங்கன்னு காட்டுச்சு" என்றாள்.

நான் போட்டது. என் விரல் போட்டது. என் போன்ல போட்டது நர்ஸ் லிஸ்ட் வரைக்கும் போகும்னு எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது. தெரியாதுன்னா சரியாப் போச்சா? நூறு அடி தூரத்துல இருக்குது அவ வூடு. நான் நடந்துபோய் ஒரு தடவை காலைப் பார்த்திருக்கலாமே.

நவம்பர் 8
சமைக்கவில்லை. வீட்டுக்காரர் கடையில் வாங்கி வந்தார். என்ன என்று கேட்டார். தலைவலி என்றேன்.

நவம்பர் 19, புதன்
போனேன். லோகு வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான். தானாகவே பேசினான். "கால் வீங்கிகினு கீதுன்னு சொன்னா டீச்சர். புள்ளத்தாச்சிக்கு வீங்கத்தான் செய்யும்னு நான்தான் வுட்டுட்டேன்." அவன் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் சொன்னது, நான் அழுத்தியது, நூறு சதவீதம், சான்றிதழ்.

உள்ளே யோகேஸ்வரி படுத்திருந்தாள். கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து வந்து என் எதிரே நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இத்த இங்க சொல்லி இன்னா பிரயோஜனம்? ஆபீசரு முன்னாடி சொல்வியா?"

சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்
செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் நாள். ஒரே பஸ்ஸில் போனோம், தனித்தனி இருக்கையில். முந்தின நாள் மேடம் போன் செய்து, "உங்க வேலையையும் யோசிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். மிரட்டலாகத் தெரியவில்லை. அவருக்கும் பயம்.

கூடத்தில் ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். எங்கள் முறை வந்ததும் யோகேஸ்வரி துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு நொடி பார்வையைத் தாழ்த்தினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்கியும் போவல சார். அதே வூட்லதான் கீறேன். போய்ட்டேன்னு எழுதனவங்க இவங்க. நீங்களே கேளுங்க."

சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். வெளியே வந்து பார்த்தபோது அவளும் லோகுவும் முன்னாலேயே நடந்து போய்விட்டிருந்தார்கள்.

ஜனவரி 5, 2026
சஸ்பெண்ட் உத்தரவு வந்தது. போனையும் சாவியையும் ஒப்படைத்தேன். மேடத்துக்கும் விசாரணையாம். அவர் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்கிறார்கள். என்னிடம் இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்
எல்லம்மாள் வந்தாள். முகம் பொருந்தாதவர்களுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம், பட்டியலில் இருந்து யாரையும் எடுக்கும் முன் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் வட்டாரத்துக்கு உத்தரவு வந்திருக்கிறதாம். சந்தோஷப்படுவேன் என்று நினைத்துச் சொன்னாள். அரைப் பக்க உத்தரவு. அதை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் போன பிறகு அழுதேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு
புதுப்பட்டினம் மீன் மார்க்கெட். கடைசி வரிசையில் யோகேஸ்வரி புதிதாகக் கூடை வைத்திருந்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. மூடியிருக்கவில்லை. இரண்டு பெண்கள் அவளிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளும் விடாமல் பேசினாள்.

கடந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் என்னைக் கண்டுவிட்டாள். அரைக் கிலோ சங்கரா என்றேன். நிறுத்தாள்.

"முழுசாவா, வெட்டித் தரவா?"

வெட்டி என்றேன். குனிந்து செதிலை எடுத்தாள், சிறு துண்டுகளாக நறுக்கினாள், பையில் கட்டி நீட்டினாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்து, "உனுக்கு இன்னாக்கா வேணும்?" என்று கேட்டாள்.

நான் நகர்ந்துகொண்டேன்.