தாளின் இரண்டாவது வரி

என் ராசா லிம்பானி,

உன் உடம்பு எப்படி இருக்கிறது, கட்டட வேலையில் பிடித்துக்கொண்ட இடுப்பு விட்டதா, ஜொஹன்னஸ்பர்க்கில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே நான், உன் தங்கை, அவள் பெற்ற பெண் குழந்தை, மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்ற சொல்லை இந்தத் தடவை யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. படகில் போன மருமகன் யோஹானே நேற்றுதான் ஏரியிலிருந்து திரும்பினான். சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது, மழை குறைவில்லை. நீ போனில் "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாம்மா" என்று கேட்டபோது "முடிஞ்சுதுப்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிதான் உண்மை. மீதியைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் மினிபஸ் ஓட்டுகிற கொண்ட்வானியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் தங்கை தியாமிகேக்கு வலி கண்டது. சைக்கிள்காரனைப் பிடித்து தார்ச்சாலை வரை அவளை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து ஒரு லாரியில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுடைய முதல் பிரசவத்தில் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். முக்கு முக்கு என்று கத்தினார்கள், நிறுத்து என்று கத்தினார்கள், காது கேளாதவளுக்கு எது எப்போது என்று எப்படித் தெரியும், நர்ஸ் ஒருத்தி தொடையில் அறைந்தாள், பிள்ளை மூச்சில்லாமல் வந்தது. அதனால் இந்தத் தடவை நீ வாங்கி அனுப்பிய போனைத் துணிப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தாள். ப்ளாண்டயர் பட்டணத்தில் டலிட்சோ என்று ஒரு பெண் இருக்கிறாள், வீடியோவில் இவள் சைகையைப் பேச்சாகவும் மற்றவர் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வது அவள் வேலை. கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லிவைத்திருந்தாள். மாதாமாதம் நீ போட்டுவிடும் டேட்டாவில் தியா அவளோடும் மற்ற சிநேகிதிகளோடும் மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பாள். "காத்தை விலைகொடுத்து வாங்குறா மகாராணி" என்று பக்கத்து வீட்டாரிடம் நான் சொல்வேன், அவளை வைத்துக்கொண்டே சொல்வேன், காதில் விழாது என்ற தைரியம். எனக்குத் தெரிந்த சைகை சாப்பிடு, வா, குளி, படு, இவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் அவள் கற்றுவந்த மொழியை இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வயிற்றைத் திறக்க வேண்டும் என்றார் சிபேட்டா என்கிற சின்ன வயது டாக்டர். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் குவாலே ஒரு தாளோடு வந்து என்னை ஓரமாக அழைத்தாள். "ஏம்மா, காது கேக்காத பொண்ணு, ஒண்ணைத் தொலைச்சாச்சு, இது பொழைச்சா அதுவே பெரிசு. புள்ள அழுதா இவளுக்குக் கேக்குமா? நீதான வளக்கணும்? திறக்கிறப்பவே கருக்குழாயையும் கட்டிவிட்டுடுவோம், ஒரே வேலையா போயிடும், கையெழுத்துப் போடு" என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை, எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, அதுதான் கொடுமை. என் முழங்கால் வலியும் என் வயதும் கண்முன் வந்து நின்றன. போட்டுவிட்டேன், மகனே. அவள் அம்மா என்று எழுதி, பெயரையும் எழுதினேன்.

தியா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தாளைக் காட்டி என்ன என்று கேட்டாள். வயிற்றைத் தொட்டு, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி காட்டி, ஒன்றுமில்லை என்று கையை விரித்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். காது கேளாதவர்களிடம் முகத்தால் பொய் சொல்ல முடியாது. போனை எடுத்தாள், வார்டுக்குள் சிக்னல் இல்லை. இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி வராந்தா ஜன்னல் பக்கம் நடந்தாள். "எங்க போறா இவ, பைத்தியமா பிடிச்சிருக்கு, படுக்கச் சொல்லு" என்று சிஸ்டர் கத்த, நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் என்னை உதறினாள். பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவள் என்னை உதறியதில்லை.

ஜன்னலோரம் டலிட்சோவின் முகம் வந்தது, உறைந்தது, மறுபடி வந்தது. "தாள்ல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கச் சொல்றாங்க" என்றாள் போனிலிருந்து. வார்டில் போன் கூடாது, நேரமும் இல்லை என்று சிஸ்டர் கையை நீட்டி மறித்தாள். சிபேட்டா தாளை வாங்கினார், முதல் வரியை வாசித்தார், இரண்டாவது வரிக்கு வந்ததும் என்னைப் பார்த்தார். "இது அவங்களுக்குத் தெரியாதா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வாசித்தார். டலிட்சோ அதைக் கையால் சொன்னாள். வலி வந்து தியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள், நிமிர்ந்ததும் அவள் விரல்கள் பேசின, குரல் போனிலிருந்து வந்தது: "முதல் வரிக்குச் சம்மதம். ரெண்டாவதை அடிச்சிடுங்க. இது என் வயிறு. கையெழுத்தை நானே போடுவேன்." சிபேட்டா கோடு போட்டு அடித்தார். என் பெயரையும் சேர்த்துத்தான் அடித்தார்.

எப்போது சாப்பிட்டாள், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று அவர் கேட்கத் தொடங்கும்போதே படம் போய்விட்டது. டேட்டா தீர்ந்துவிட்டது. "பதில் தெரியாம நான் எப்படி ஊசி போடறது, பிள்ளை துடிப்பு வேற குறையுதே" என்றார் அவர். நான் ஓடினேன் லிம்பானி, செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது, கேட்டுக்கு வெளியே குடைக்குக் கீழே ரீசார்ஜ் விற்கிறவளிடம் போய் மூச்சு முட்ட நின்றேன், "எவ்வளவுக்கும்மா?" என்றாள், இருக்கிறதையெல்லாம் கொட்டினேன், என் மகளுக்குப் பேச்சு வேண்டும் என்று சொன்னேனாம், அவள்தான் பிறகு சொன்னாள். நம்பரைத் தப்பாகச் சொல்லி, மறுபடி சரியாகச் சொல்லி, திரும்பி ஓடிவந்தபோது தியாவைத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். போன் உயிர் பெற்றது.

போனை உள்ளே விட மாட்டேன் என்றாள் சிஸ்டர். "அப்ப முதுகுல ஊசி போடறப்ப அசையாதேன்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க சிஸ்டர்?" என்று சிபேட்டா கேட்டார். அவள் போனை ஸ்பிரிட்டால் துடைத்து, தானே பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நல்லவேளை, அந்த அறையில் சிக்னல் கிடைத்தது, கதவுக்கு வெளியே நான் டலிட்சோவின் குரலை மட்டும் கேட்டேன். "வளைஞ்சு இருங்க... அசையாதீங்க... இப்ப..." அதோடு குரல் நின்றது. சிக்னலா, வேறெதுவுமா, யாரைக் கேட்பேன்? கர்த்தரே கர்த்தரே என்று சுவரில் தலையை வைத்துக்கொண்டேன். பிறகு மறுபடி குரல் வந்தது, "அசையலையாம், போட்டாச்சான்னு கேக்கறாங்க" என்று டாக்டரிடம் சொன்னது. அதற்கும் எவ்வளவோ நேரம் கழித்துத்தான் குழந்தை அழுதது. எனக்குக் கேட்டது. அவளுக்கு டலிட்சோ சொன்னாளாம், உன் பிள்ளை ஊரைக் கூட்டுது என்று.

இரண்டு நாள் தியா என் பக்கம் திரும்பவில்லை. கஞ்சி கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், கண்ணைப் பார்க்க மாட்டாள். குழந்தையைத் தன் மார்போடு துணியால் கட்டியே வைத்திருக்கிறாள், அது சிணுங்கி நெளிவதற்குள் விழித்துவிடுகிறாள், என்னை எழுப்பவேண்டி வந்ததே இல்லை. மூன்றாம் நாள் போனைத் தலையணையில் சாய்த்து வைத்து என்னை உட்காரச் சொன்னாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். டலிட்சோ சொன்னாள்: "அம்மா, உங்க பொண்ணு கேக்கறாங்க. முதல்ல பொறந்தது ஆணா, பொண்ணா?"

இரண்டு வருஷம் லிம்பானி. அன்றைக்கு அவள் மயங்கிக் கிடந்தபோதே பெண்டுகள் நாங்கள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தோம். விழித்துக் கேட்டவளிடம் நான் தலையை ஆட்டி, வானத்தைக் காட்டியதோடு சரி. சொல்லச் சைகை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்த பிறகும் அதன் முன் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை; அன்றே கேட்க அவளுக்கு ஒரு வழி இருந்திருந்தால் மறுநாளே கேட்டிருப்பாள். ஆண் என்று சொன்னேன். உன் நெற்றிதான் அவனுக்கு என்று அவளிடம் சொன்னேன். மசுக்கு மரத்துக்கு வடக்கே, கல் வைத்த இடம் என்று சொன்னேன். அவள் அழுதாள், டலிட்சோவும் அழுதாள், பிறகு உன் தங்கை என் கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, 'மகன்' என்பதற்கு எப்படிக் காட்டவேண்டும் என்று வைத்துக் காட்டினாள்.

என்மேல் கோபப்படு, பரவாயில்லை, ஆனால் வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் காலடியைக் காக்கட்டும், உயரத்தில் ஏறும்போது கயிறு கட்டிக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் வீடியோவில் கூப்பிடு, என்னை அல்ல, அவளை. குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்று, அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் தன் கையால் சொல்வாள், நீ பார்த்துத் தெரிந்துகொள்.

உன்னைப் பெற்றவள்,
ஃபலேசி