வெயிலில் தெரியும் எழுத்து

வெள்ளிக்கிழமை, இரவு

பன்னிரண்டாம் வகுப்புக்கு இன்று கடைசி வேதியியல் செய்முறை வகுப்பு எடுத்தேன். பின்மேசையில் காவ்யா, கண்ணாடிக் குச்சியால் சில்வர் நைட்ரேட்டைத் தொட்டுத் தோழியின் உள்ளங்கையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

“என்ன சாமி இது?”

“மருதாணிதான் வெக்க உடமாட்டேங்கறாங்களே மிஸ். இது வெயில் பட்டாத்தானுங்க கறுக்கும்.”

எனக்கா தெரியாது? நான் படித்ததும் இதே பள்ளிதான். கடைசி நாளில் என் தோழி மல்லிகா என் கையில் இப்படித்தான் எழுதினாள். என்னவென்று கேட்டதற்குச் சிரித்தாள். அவளைச் சங்ககிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெயிலில் நின்று கையை விரித்துப் பார்த்தேன். ‘ஊட்டுக்கு வாடி’ என்று கறுத்திருந்தது.

இன்றுவரை அவள் வீட்டுக்குப் போகவில்லை.

சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி இரண்டு பேரையும் அதட்டினேன். கழுவினால் போகாது என்று தெரிந்துதான் சொன்னேன்.